பேக்-12இல் யாருக்கு இடம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க மேற்குக் கரைக் கல்லூரிகளின் விளையாட்டுக் கான்ஃபரன்ஸான பேக்-12 மறுபடி ஆள் சேர்க்கத் தொடங்கியதிலிருந்து, சனிக்கிழமை மேட்ச் பார்க்கும் தமிழர் வீடுகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். ஃபுட்பால் என்று வரும் இடமெல்லாம் அமெரிக்க ஃபுட்பால்.

கான்ஃபரன்ஸ்னா லீக்தானே? ஐ.பி.எல். மாதிரி மேல இருந்து யாராவது டீமைப் பிரிச்சுக் கொடுக்கிறாங்களா?

இல்லை. கான்ஃபரன்ஸ் என்பது கல்லூரிகள் தாங்களே சேர்ந்து நடத்தும் சங்கம். யாரைச் சேர்ப்பது என்று உறுப்பினர் பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். கல்லூரி விளையாட்டுகளை மேற்பார்க்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு விதிகளையும் குறைந்தபட்சத் தகுதிகளையும் வகுக்கிறது. எந்தக் கல்லூரி எங்கே என்று ஒதுக்குவது அதன் வேலை இல்லை. ஏற்றம், இறக்கம் என்ற முறையும் கிடையாது. பத்து வருடம் தோற்றாலும் உள்ளே இருப்பவர் உள்ளேதான். பத்து வருடம் ஜெயித்தாலும் யாரும் கூப்பிடாவிட்டால் வெளியேதான்.

டி.வி. உரிமையைச் சங்கம் மொத்தமாக விற்றுப் பணத்தைப் பங்கு போடுகிறது. அதனால் "இந்தக் கல்லூரிக்குத் தகுதி இருக்கிறதா" என்று ரசிகர்கள் வாதாடும்போது, ஓட்டுப் போடுகிறவர் மனதில் இருப்பது வேறு கேள்வி: இவர்கள் வந்தால் என் பங்கு ஏறுமா, இறங்குமா? பந்தியில் இன்னோர் இலை போட்டால் அந்த அளவுக்குச் சாப்பாடும் கூட வேண்டும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில்தான் போய் முடியும்.

பேக்-12 செத்துப் போச்சுன்னு சொன்னாங்களே. பேர் மட்டும் எப்படி உயிரோட இருக்கு?

1915இல் போர்ட்லண்டில் தொடங்கிய பசிபிக் கரைக் கூட்டமைப்பைத்தான் பேக்-12 தன் மூலமாகச் சொல்லிக்கொள்கிறது. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸின் யூ.எஸ்.சி.யும் யூ.சி.எல்.ஏ.வும் பிக் டென் என்ற வேறு கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தன. 2023 ஜூலையில் கொலராடோ பிக் 12 என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குப் போனது. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12க்கு. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் கால் பெர்க்லியும் அட்லாண்டிக் கரையில் இருக்கும் ஏ.சி.சி. கான்ஃபரன்ஸுக்கு. மிஞ்சியவை ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டும்தான்.

அந்த இரண்டும் உடனே மேற்குப் பகுதியின் சிறிய கான்ஃபரன்ஸான மவுண்டன் வெஸ்ட்டில் போய்ச் சேர்ந்திருக்கலாம். சேரவில்லை. பேக்-12இன் பெயர், சேமிப்பு, கூடைப்பந்துப் போட்டியிலிருந்து வரவேண்டிய பாக்கி எல்லாம் சங்கத்தின் சொத்து. சங்கத்தைக் கலைத்தால் அது வெளியேறும் பத்துப் பேருக்கும் சேர்த்துப் பிரிந்துவிடும். நீதிமன்றம் போனார்கள். வெளியேறுகிறவர்களுக்கு நிர்வாகத்தில் ஓட்டு இல்லை என்று வாஷிங்டன் மாநில நீதிமன்றம் சொன்னது. பிறகு வந்த சமரசத்தில், வெளியேறிய பத்துக் கல்லூரிகளும் தலைக்கு 65 லட்சம் டாலர் விட்டுக்கொடுத்தன. புதிய பேக்-12க்கு அதுதான் கைமுதல்.

அப்ப யார் யாரெல்லாம் சேர்ந்திருக்காங்க?

2026 ஜூலை 1 முதல் ஒன்பது கல்லூரிகள். பழைய இரண்டோடு, மவுண்டன் வெஸ்ட்டிலிருந்து பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட். சன் பெல்ட் கான்ஃபரன்ஸிலிருந்து டெக்ஸாஸ் ஸ்டேட். ஃபுட்பால் அணியே இல்லாத கன்ஸாகா.

கன்ஸாகா வந்தப்பவே எட்டு ஆயிடுச்சே. அப்புறம் எதுக்கு டெக்ஸாஸ் ஸ்டேட் பின்னாடி ஓடினாங்க?

ஏனென்றால் எண்ணவேண்டிய எட்டு வேறு. எஃப்.பி.எஸ். எனப்படும் ஃபுட்பாலின் மேல்பிரிவில் கான்ஃபரன்ஸாக நிற்க, குறைந்தது எட்டு முழு உறுப்பினர்கள் வேண்டும். அந்த எட்டும் ஃபுட்பால், ஆண்கள் கூடைப்பந்து, பெண்கள் கூடைப்பந்து உட்படப் போதுமான விளையாட்டுகளை அந்தக் கான்ஃபரன்ஸிலேயே ஆட வேண்டும். கன்ஸாகா இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு ஃபுட்பாலை நிறுத்திவிட்டது. கூடைப்பந்தில் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் இந்த எண்ணிக்கையில் அது பூஜ்யம்.

எட்டுக்குக் கீழே போனால் இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பேக்-12க்கு அது 2026 கோடையில் முடிகிறது. 2024 அக்டோபரில் ஃபுட்பால் எண்ணிக்கை ஏழு. எட்டாவது நாற்காலி காலியாக இருக்கும்வரை விலை பேசும் பலம் எதிர்ப்பக்கம்தான். யார் சிறந்தவர் என்ற விவாதத்தில் பாதியை இந்த ஒரு விதியே முடித்துவிட்டது.

மவுண்டன் வெஸ்ட்ல பன்னிரண்டு பேர் இருந்தாங்க. ஏன் குறிப்பா இந்த அஞ்சு?

பாய்ஸி ஸ்டேட்டுக்கு விளக்கம் தேவையில்லை. 'ஃபியஸ்டா போல்' என்ற பெரிய ஆட்டத்தை மூன்று முறை வென்ற அணி. 2024 சீசனில் ஆஷ்டன் ஜென்ட்டி 2,601 கெஜம் ஓடி, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதில் இரண்டாம் இடம் பிடித்தார். தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் ப்ளேஆஃபில் அணி மூன்றாம் இடத்தோடு நுழைந்தது. ஊர் சிறியது, பெயர் நாடு முழுக்கத் தெரியும். சான் டியேகோ ஸ்டேட்டுக்குத் தெற்குக் கலிஃபோர்னியா, 2022இல் திறந்த 35,000 இருக்கை ஸ்னாப்டிராகன் ஸ்டேடியம், 2023இல் தேசிய இறுதிப் போட்டிவரை போன கூடைப்பந்து அணி. லாஸ் ஏஞ்சலஸின் இரண்டு பெரிய கல்லூரிகளும் போய்விட்ட பிறகு அந்தக் கரையில் கால் வைக்க வேறு நல்ல வழி இல்லை.

கொலராடோ ஸ்டேட் இருப்பது டென்வர் பக்கத்தில். 2017இல் வளாகத்துக்குள்ளேயே புதிய ஸ்டேடியம் கட்டிய கல்லூரி. ஆனால் ஃபுட்பாலில் அந்தச் செலவுக்கு ஏற்ற பலன் இன்னும் வரவில்லை. இது வாக்குறுதியை நம்பி வாங்கிய பங்கு என்பதே நம் கணிப்பு. ஃப்ரெஸ்னோ நேர் எதிர்: கலிஃபோர்னியாவின் விவசாய நடுப்பகுதி, பெரிய பணம் புரளாத ஊர். ஆனால் சுற்றுவட்டாரத்தில் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணியோ வேறு எஃப்.பி.எஸ். கல்லூரியோ கிடையாது, ரசிகர்கள் கைவிடுவதில்லை. யூட்டா ஸ்டேட் முதல் சுற்றில் அழைக்கப்படவே இல்லை. நான்கு பேர் 2024 செப்டம்பர் 12 அன்று வந்தார்கள்; கிழக்கே போட்ட வலையில் யாரும் சிக்காத பிறகு, 23ஆம் தேதிவாக்கில் யூட்டா ஸ்டேட்டின் முறை வந்தது.

கிழக்கே யாரைக் கேட்டாங்க? ஏன் மறுத்தாங்க?

மெம்பிஸ், டூலேன், சவுத் ஃப்ளோரிடா, டெக்ஸாஸ் சான் அன்டோனியோ ஆகிய நான்கும் அமெரிக்கன் கான்ஃபரன்ஸிலேயே இருப்பதாகக் கூட்டாக அறிவித்தன. அவர்களை அவமதித்துவிட்டார்கள் என்றும், அவர்களுக்குத் துணிச்சல் இல்லை என்றும் இரண்டு கதைகள் உலவுகின்றன. இரண்டுமே தேவையில்லை, கணக்கே போதும். அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் விதிப்படி 27 மாத நோட்டீஸும் ஒரு கோடி டாலரும் தர வேண்டும். சீக்கிரம் போகவேண்டுமானால் அதற்கும் மேல்: 2023இல் போன சின்சினாட்டி, ஹூஸ்டன், யூ.சி.எஃப். மூன்றும் தலைக்கு 1.8 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டன.

ஒரு பேச்சுக்கு, வெளியேற 2 கோடி ஆகிறது, புதிய இடத்தில் ஆண்டுக்கு 30 லட்சம் கூடுதலாக வருகிறது என்று வையுங்கள். போட்டதை எடுக்க ஏறத்தாழ ஏழு வருடம். கூடவே மெம்பிஸிலிருந்து வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மனுக்கு வாலிபால் அணியை அனுப்பும் விமானச் செலவு. அந்தத் தேதியில் பேக்-12 கையில் 2026க்கான டி.வி. ஒப்பந்தமே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்தாகாத வருமானத்தை நம்பிக் கையெழுத்தான கடனை ஏற்க எந்த நிர்வாகக் குழு சம்மதிக்கும்?

பெரிய ஊர்ல இருக்கிற காலேஜா பார்த்து எடுத்தா டி.வி. காசு தானா வராதா? லாஸ் வேகாஸை விட்டுட்டு யூட்டா ஸ்டேட் இருக்கிற லோகனுக்குப் போனது முட்டாள்தனமா தெரியுதே.

ஊர் அளவு காசாக மாறியது கேபிள் காலத்தில். 2014இல் பிக் டென் ரட்கர்ஸையும் மேரிலண்டையும் சேர்த்ததற்குக் காரணம், நியூயார்க், வாஷிங்டன் டி.சி. வட்டாரக் கேபிள் வீடுகளிலிருந்து பிக் டென் நெட்வொர்க்குக்கு மாதாமாதம் வரும் கட்டணம். மேட்ச் பார்க்காத வீடும் காசு கட்டியது. இன்று கேபிள் இணைப்பைத் துண்டிக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். நிலையங்கள் உண்மையில் எத்தனை பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று கேட்கின்றன. அதனால்தான் சிறிய நகரமான பாய்ஸி பெரிய நகரத்துக் கல்லூரிகளை முந்துகிறது.

லாஸ் வேகாஸ் விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானதே. அங்குள்ள யூ.என்.எல்.வி. கல்லூரியை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அதுதான் வரவில்லை. மவுண்டன் வெஸ்ட் யூ.என்.எல்.வி.யையும் விமானப்படை அகாடமியான ஏர் ஃபோர்ஸையும் தக்கவைக்க, வெளியேறுகிறவர்களிடமிருந்து வசூலாகும் பணத்தில் பெரிய பங்கைத் தருவதாக எழுதிக் கொடுத்தது. தலைக்கு 2 கோடி டாலருக்கு மேல் வரலாம் என்பது அப்போதைய கணக்கு. இரண்டில் எது நின்றிருக்காவிட்டாலும் மவுண்டன் வெஸ்ட்டின் பேரம் கலகலத்திருக்கும். அதைத் தெரிந்துகொண்டு விலை பேசினார்கள்.

வெளியேறும் கட்டணம், ஆள் பிடிக்கும் அபராதம், உரிமை ஒப்படைப்பு. மூணும் ஒண்ணுதானா?

மூன்றும் வேறு, குழம்பினால் கணக்கு தப்பும். வெளியேறும் கட்டணம் போகிற கல்லூரி தன் பழைய கான்ஃபரன்ஸுக்குத் தருவது. மவுண்டன் வெஸ்ட்டில் ஓராண்டுக்கு மேல் நோட்டீஸ் கொடுத்தால் ஏறத்தாழ 1.8 கோடி டாலர், குறைந்தால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. 2023 ஜூனில் சான் டியேகோ ஸ்டேட் இந்தக் கெடுவில்தான் மாட்டியது. பேக்-12 அழைப்பு வரும் என்று நம்பி, வெளியேறும் எண்ணத்தைக் கடிதமாக எழுதி, அழைப்பு வராமல் திரும்பி வர வேண்டியதாயிற்று.

ஆள் பிடிக்கும் அபராதம் கூப்பிடுகிற கான்ஃபரன்ஸ் தருவது. 2024 சீசனில் ஆட எதிரணிகள் இல்லாமல் தவித்த ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மவுண்டன் வெஸ்ட்டுக்கு 1.4 கோடி டாலர் கொடுத்துத் தலைக்கு ஆறு ஆட்டம் வாங்கின. அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: எங்கள் கல்லூரியை இழுத்தால் முதலாவதுக்கு ஒரு கோடி, அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் கூடுதல். ஐந்து கல்லூரிக்குக் கூட்டிப் பாருங்கள்: 1 + 1.05 + 1.1 + 1.15 + 1.2, மொத்தம் 5.5 கோடி. இது வர்த்தகப் போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று பேக்-12 வழக்குப் போட்டது.

உரிமை ஒப்படைப்பு இவை இரண்டையும் விடக் கடினமானது. கல்லூரி தன் உள்ளூர் ஆட்டங்களின் டி.வி. உரிமையையே குறிப்பிட்ட ஆண்டுவரை கான்ஃபரன்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது. வெளியே போனாலும் உரிமை பழைய இடத்தில் தங்கிவிடும். எடுத்துப்போக எதுவுமில்லாத அணியை யார் வாங்குவார்? ஏ.சி.சி.யில் அது 2036வரை. ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில் சமரசமானார்கள்.

சரி, டெக்ஸாஸுக்கும் பசிபிக் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

நிலப்படத்தில் சம்பந்தமில்லை, நாள்காட்டியில் உண்டு. சன் பெல்ட்டை விட்டு வெளியேற 2025 ஜூன் 30வரை 50 லட்சம் டாலர்; மறுநாளிலிருந்து ஒரு கோடி. டெக்ஸாஸ் ஸ்டேட் ஜூன் 30 அன்று சேர்ந்தது. கிடைக்கக்கூடிய எட்டாவது உறுப்பினர்களில் வெளியேறும் செலவு இவ்வளவு குறைவாக இருந்தவர் வேறு யாருமில்லை.

அதோடு, டெக்ஸாஸ் ஸ்டேட் இருக்கும் சான் மார்கோஸ் ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் நடுவில் இருக்கிறது. ஏறத்தாழ 40,000 மாணவர்கள். டெக்ஸாஸில் ஓர் உறுப்பினர் இருந்தால் மற்ற ஏழு பயிற்சியாளர்களும் அந்த மாநிலத்துப் பள்ளி வீரர்களின் வீட்டில் போய், "அடிக்கடி உன் ஊர்ப்பக்கம் வருவோம்" என்று சொல்ல வாய்ப்புண்டு. ஃபுட்பால் சாதனையை மட்டும் வைத்துப் பார்த்தால் மெம்பிஸ் மேலானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஃபுட்பாலே இல்லாத கன்ஸாகாவுக்கு எதுக்குப் பங்கு?

1999இலிருந்து ஒரு வருடம்கூடத் தவறாமல் தேசியக் கூடைப்பந்துப் போட்டிக்குத் தகுதி பெறும் அணி. 2017, 2021 இறுதிப் போட்டிகள்வரை போனது. அந்தப் போட்டியில் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கான்ஃபரன்ஸுக்கு ஒரு 'யூனிட்' சேரும். ஆறு ஆண்டுகளில் அது ஏறத்தாழ 20 லட்சம் டாலராக வரும். மார்ச்சில் நான்கு ஆட்டம் ஆடினால் என்ன சேரும் என்று நீங்களே கணக்கிடலாம்.

ஒரே காலேஜ் ஒரு விளையாட்டுக்கு ஓரிடம், இன்னொண்ணுக்கு வேறிடம்னு இருக்க முடியுமா?

தாராளமாக. நோட்ர டேம் ஃபுட்பாலில் தனி, மற்றவற்றில் பெரும்பாலும் ஏ.சி.சி. ராணுவ அகாடமி ஃபுட்பாலுக்கு மட்டும் அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன எட்டு எண்ணிக்கைக்கு இப்படிப்பட்ட பாதி உறுப்பினர்கள் உதவ மாட்டார்கள். பேக்-12க்கு "ஃபுட்பாலுக்கு மட்டும் இவரைக் கூப்பிடலாமே" என்று சொன்ன யோசனைகள் இங்கேதான் முட்டி நின்றன.

முழுப் பங்கு வேண்டாம், சும்மா உள்ளே விடுங்கன்னு கேட்டா விடுவாங்களா?

விட்டிருக்கிறார்கள். டாலஸ் நகரத்துக் கல்லூரியான எஸ்.எம்.யூ. ஒன்பது வருடம் டி.வி. பங்கே வேண்டாம் என்று சொல்லி ஏ.சி.சி.க்குள் போனது, பணக்காரப் பழைய மாணவர்கள் இருந்தால் இது முடியும். ஸ்டான்ஃபோர்டும் கால் பெர்க்லியும் ஏழு வருடம் 30 சதவீதம், எட்டாம் வருடம் 70, ஒன்பதாம் வருடம் 75, பிறகு முழுசு. ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னில் ஏறத்தாழ அரைப் பங்கோடு, 3 கோடி டாலரில் தொடங்கி ஆண்டுக்கு 10 லட்சம் ஏற்றத்தில் போகின்றன. முதல் பதிலில் சொன்ன இலைக் கணக்கைத் தாண்ட இதுவே வழி.

சிக்கல் என்னவென்றால், 2025-26இலிருந்து கல்லூரிகள் வீரர்களுக்கே நேரடியாக 2.05 கோடி டாலர்வரை தரலாம். அரைப் பங்கில் இருப்பவர், முழுப் பங்கு வாங்குகிறவரோடு அதே வீரருக்குப் போட்டியிட வேண்டும்.

படிப்புத் தரம் பார்ப்பாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

பிக் டென் பார்க்கும். நெப்ராஸ்கா தவிர அதன் உறுப்பினர்கள் எல்லாரும் ஏ.ஏ.யூ. என்ற ஆய்வுப் பல்கலைக்கழக மன்றத்தில் இருப்பவர்கள்; நெப்ராஸ்காவும் அழைக்கப்பட்டபோது இருந்தது, 2011இல் வெளியேற்றப்பட்டது. பழைய பேக்-12இலும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் மூக்கைச் சுளித்தால் ஒரு பெயர் அத்தோடு நின்றுவிடும் என்ற பேச்சு உண்டு. புதிய பேக்-12க்கு அந்தச் சொகுசு இல்லை. நிராகரிக்க வேறு காரணம் சொல்ல முடியாதபோது படிப்புத் தரத்தைச் சொல்வதும் நடக்கும்.

கீழ்ப்பிரிவுல ஜெயிக்கிற காலேஜை மேல தூக்கிக்கலாமே?

மேலே வர, ஏற்கெனவே உள்ள எஃப்.பி.எஸ். கான்ஃபரன்ஸ் ஒன்றின் முறையான அழைப்பு கையில் வேண்டும். விண்ணப்பக் கட்டணம் முன்பு 5,000 டாலர். 2023இல் 50 லட்சம் ஆக்கிவிட்டார்கள். 2025இல் சாக்ரமென்டோ ஸ்டேட் அழைப்பில்லாமல் தனியணியாக ஏற முயன்றது, என்.சி.ஏ.ஏ. மறுத்தது. ஏறிய பிறகும் இடைக்காலம் உண்டு. அதுவரை எட்டுக் கணக்கில் அது முழு உறுப்பினர் ஆகாது. கெடு நெருங்கும்போது இந்த வழி பயன்படாது.

இவ்வளவு பாடுபட்டு பேக்-12 மறுபடி 'பெரிய' கான்ஃபரன்ஸ் ஆயிடுச்சா?

இல்லை. 2026இலிருந்து ப்ளேஆஃப் வருமானத்தில் பிக் டென்னுக்கும் தென்கிழக்குக் கல்லூரிகளின் எஸ்.இ.சி.க்கும் தலா ஏறத்தாழ 29 சதவீதம், ஏ.சி.சி.க்கு 17, பிக் 12க்கு 15. மற்ற கான்ஃபரன்ஸ்கள் எல்லாம் சேர்ந்து 9 சதவீதத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பேக்-12 அந்த வரிசையில்தான் உட்கார்கிறது. அந்த வரிசையின் முதல் நாற்காலி அதற்குக் கிடைக்கக்கூடும்: நான்கு பெரியவற்றுக்கு வெளியே தரவரிசையில் மேலே நிற்கும் சாம்பியனுக்கு ப்ளேஆஃபில் ஓரிடம் உண்டு. பாய்ஸிக்கு ஆட்டச் சுமை கூடினாலும், வலுவான எதிரணிகளோடு ஆடினால் தரவரிசை ஏறும்.

ஒன்பதாவது ஃபுட்பால் காலேஜ் வருமா? வந்தா யார்?

எட்டு அணி என்றால் ஆளுக்கு ஏழு கான்ஃபரன்ஸ் ஆட்டம். பன்னிரண்டு ஆட்டச் சீசனில் மீதி ஐந்துக்கு வெளியே ஆள் தேட வேண்டும்; அக்டோபர், நவம்பரில் யாரும் எளிதில் கிடைக்க மாட்டார்கள். ஒன்பது ஆனால் எட்டு ஆட்டம், வாரத்துக்கு ஒருவர் ஓய்வு. அட்டவணைக்கு அது வசதி. எட்டு மட்டுமே இருந்தால் ஒருவர் போனாலும் மறுபடி விதிக்குக் கீழே விழுவோம் என்ற பயமும் ஒன்பதுக்கு ஆதரவான வாதம்.

ஆனால் டி.வி. நிலையமான சி.பி.எஸ்.ஸுடன் ஒப்பந்தம் 2030-31வரை பேசி முடித்தாகிவிட்டது. நடுவில் வருகிறவருக்காக நிலையம் தொகையை ஏற்றாவிட்டால் இருக்கும் எட்டுப் பேரும் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அப்படிக் குறைத்துக்கொள்ளத் தகுந்த பெயர்கள் எங்கள் கணக்கில் இரண்டுதான்: மெம்பிஸ், யூ.என்.எல்.வி. முன்னது கிழக்கே துணை இல்லாமல் தனியாக வர யோசிக்கும். பின்னது தான் கையெழுத்திட்ட தாளை முதலில் தாண்ட வேண்டும்.

பெரிய நாலு திரும்ப வந்து பாய்ஸியையோ சான் டியேகோவையோ தூக்கிட்டா?

அது நடக்கக்கூடிய காலம் தெரிந்ததே. பிக் டென் டி.வி. ஒப்பந்தம் 2029-30இல் முடிகிறது, பிக் 12உடையது 2030-31இல். ஏ.சி.சி.யை விட்டு வெளியேறும் கட்டணம் ஆண்டுக்காண்டு குறைந்து 2030-31இல் 7.5 கோடி டாலருக்கு வரும். பேக்-12 ஒப்பந்தமும் அதே சமயத்தில் முடியும். அப்போது ஏ.சி.சி.யிலிருந்து யாராவது கிளம்பினால் காலியிடத்தை நிரப்பும் பேச்சு தொடங்கும். பிக் 12க்கு மலைப்பகுதியில் ஏற்கெனவே யூட்டா, பி.ஒய்.யூ., கொலராடோ இருப்பதால் பாய்ஸியை விடச் சான் டியேகோவின் பெயர் முதலில் அடிபடும் என்பது எங்கள் ஊகம். எந்தக் கல்லூரிக்காக வாதாடுவதானாலும், அதன் ஒப்பந்தங்கள் எந்த வருடம் முடிகின்றன என்று முதலில் பார்த்துவிட்டு வாதத்தைத் தொடங்குங்கள்.